மூன்றாம் குட்டைக்கு ஓடாத ஏரேட்டர்

ஆஸ்மா எழுதிய மென்பொருள் மாட்யூல் அலுவலக மேசையில் ஒரு வாரம் ஓடியும் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம். கடலோரப் பண்ணையில் அதே மாட்யூல் ஒரு குட்டை நிறைய இறாலைச் சாகவிட்டிருந்தது.

அவள் வேலை பார்த்த கூடுவாஞ்சேரிக் கம்பெனி, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால், தண்ணீரைக் கலக்கிக் காற்றேற்றும் ஏரேட்டரைத் தானாக ஓடவிடும் பெட்டி செய்கிறது. எந்தக் குட்டைக்கு எப்போது ஓட வேண்டும் என்பதைப் பண்ணைக்குப் பண்ணை மாற்றி லுவா என்ற கணினி மொழியில் ஸ்கிரிப்டாக எழுதிக்கொள்வார்கள். சென்சாரோடும் மோட்டாரோடும் பேசும் அந்த மாட்யூலைச் சி மொழியில் எழுதி லுவாவோடு இணைத்தவள் ஆஸ்மா. வானம் மூடாப்புப் போட்டு ஆக்சிஜன் குறைந்த ஒரு நாளில் மூன்றாம் குட்டைக்கு ஏரேட்டர் ஓடவில்லை.

மேனேஜர் லக்ஷ்மிநாராயணன் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "தண்ணி பட்டிருக்கு, ஆள் கவனிக்கல" என்று பண்ணைக்கு எழுதி அனுப்பினார். பண்ணை முதலாளி அன்றே காவலாள் ஏசுபாதத்தை நிறுத்திவிட்டார்.

"பண்ணையில ஓடுற ஸ்கிரிப்ட் வேணும் சார்" என்று ஆஸ்மா மூன்று முறை கேட்டாள்.

"எதுக்கும்மா? கம்ப்ளெயின்ட் க்ளோஸ் ஆயிடுச்சே."

லீவு போட்டுவிட்டுப் புதுப்பட்டினத்துப் பண்ணைக்குத் தானே பஸ் பிடித்துப் போய் எடுத்து வந்தாள். பெட்டியின் பதிவில் குட்டையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ கிறுக்கல். அந்த ஸ்கிரிப்டை அலுவலக மேசையிலிருந்த பெட்டியில் ஏற்றி, வேண்டாத மெமரியை லுவா அடிக்கடி துடைக்கும்படி வைத்தாள். நாலே நிமிடத்தில் அதே கிறுக்கல் வந்தது. லுவா கொடுத்த பெயரை அவள் நகலெடுத்து வைக்கவில்லை. அது இருந்த இடத்தை மட்டும் குறித்து வைத்திருந்தாள். அலுவலக ஸ்கிரிப்ட் பெயரைக் கடைசிவரை பிடித்து வைத்திருந்தது; பண்ணை ஸ்கிரிப்ட் கொடுத்ததும் விட்டுவிட்டது. யாருக்கும் வேண்டாத பெயர் என்று லுவா துடைத்துவிட, எந்த மோட்டாரை ஓட்டுவது என்று மாட்யூலுக்குத் தெரியவில்லை. திருத்த இரண்டே வரி.

"அடுத்த அப்டேட்ல சத்தமில்லாம போட்டுடலாம்" என்றார் மேனேஜர்.

"ஒருத்தருக்கு வேல போயிருக்கு சார்."

"அது பண்ணைக்காரங்க பிரச்சனை."

மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட் வாசலில் செக்யூரிட்டி சட்டையோடு நின்றிருந்தார் ஏசுபாதம். ஆஸ்மா எல்லாவற்றையும் சொன்னாள்.

"தண்ணியே படலன்னு நான் கத்திகினு கெடந்தப்ப நீ எங்கமா இருந்த?"

"என் தப்புன்னு அப்ப எனக்கே தெரியாதுண்ணா."

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? எழுதி மொதலாளி கையில குடு."

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பண்ணை முதலாளி படித்துவிட்டு, "வேற ஆள் போட்டாச்சே" என்றார். பண்ணையில் நடந்தது மறுநாளே கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. மாட்யூலை அவளிடமிருந்து பிடுங்கி, அவளை டெஸ்டிங்கில் உட்கார வைத்தார்கள். அவள் எழுதிய இரண்டு வரியும், ஏன் என்று ஒரு வார்த்தை இல்லாமல், எல்லாப் பண்ணைகளுக்கும் போய்ச் சேர்ந்தன. ஏசுபாதத்தை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.