ரிப்போர்ட்டில் நான் சேர்த்த ஒரு வரி

2023 செப்டம்பர் 14, வியாழக்கிழமை. காலை 5.20-க்கு எழுந்தேன். 6.10-க்கு வீட்டிலிருந்து கிளம்பி, பன்னிரண்டு நிமிடம் நடந்து கிள்ளான் ரயில் நிலையத்தை அடைந்தேன். ரயில் ஆறு நிமிடம் தாமதம். பிரிக்பீல்ட்ஸில் வழக்கமான கடையில் இரண்டு தோசையும் பால் கலக்காத தே ஓ ஒன்றும். எட்டு மணிக்கு, நான் வேலை பார்க்கும் கண் மருத்துவமனையின் பதிவேட்டு அறையைத் திறந்தேன். மதியத்துக்குள் நாற்பத்தொரு நோயாளிகளின் கோப்புகளை எடுத்துக் கொடுத்து, முப்பத்தெட்டைத் திரும்ப அடுக்கினேன். மீதி மூன்று டாக்டர் மேசையில் இருந்தன. இரண்டரை மணிக்கு அனுமதி கேட்டுக் கிளம்பினேன். காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் விசாரணையாளர் மாலை ஐந்தேகாலுக்கு வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

அதற்கு ஒன்பது நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை மாலை, என் மகள் காரில் ஒரு மோட்டார் சைக்கிளை இடித்துவிட்டாள். அவளுக்கு வயது பத்தொன்பது. லைசென்ஸ் கிடைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. காப்பாரிலிருந்து கிள்ளானுக்குத் திரும்பி வரும் வழி, நல்ல மழை. ஒரு சந்திப்பில் வலது பக்கம் திரும்பும்போது எதிரே வந்த மோட்டாரை அவள் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று அவளே சொன்னாள். ஓட்டி வந்தவர் காப்பார்க்காரர், ஐம்பது வயதிருக்கும். பண்டமாரானில் ஒரு கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய வலது கால் காருக்கும் மோட்டாருக்கும் நடுவே சிக்கிக்கொண்டது.

மகள் காரைத் தனியாக எடுக்கக் கூடாது, மழையில் எடுக்கவே கூடாது, ஒரு வருடம் முடியும்வரை கிள்ளானைத் தாண்டக் கூடாது. இந்த மூன்றும் நான் போட்ட விதிகள். மூன்றையும் ஒரே மாலையில் மீறியிருந்தாள். சாவி என் மேசையின் இரண்டாவது டிராயரில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

அன்று மாலை 7.10-க்கு நானும் அவளும் போக்குவரத்துக் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் உடை இன்னும் காயவில்லை. தட்டச்சு செய்த போலீஸ்காரர் கேட்டதற்கெல்லாம் அவள் மலாயில் பதில் சொன்னாள். எங்கிருந்து வந்தாய், எந்தப் பக்கம் திரும்பினாய், விளக்கு போட்டிருந்தாயா. முடிந்தது என்று அவர் கையை எடுத்தபோது நானும் மலாயிலேயே குறுக்கிட்டேன்.

"அப்பாகிட்ட கேக்காம, அனுமதி இல்லாம எடுத்துட்டுப் போனா. அதையும் எழுதிக்கோங்க."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். "அது வேணுமா, என்சிக்?" என்று மலாயில் மரியாதையாகக் கேட்டார்.

"நடந்தது எல்லாம் இருக்கணும்" என்றேன்.

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தலையை ஆட்டி, "ஆமா, நானாதான் எடுத்தேன்" என்றாள். அந்த வரியும் ஏறியது. அவள் கையெழுத்துப் போட்டாள். துல்லியத்துக்காகச் சேர்க்கிறேன் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன். கோபத்தில்தான் சேர்த்தேன். என்ன செய்தாள் என்பதை அவள் கையெழுத்தோடு பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

வீட்டுக்கு வந்தும் நான் விடவில்லை. "கேக்காம எடுத்தா அதுக்கு என்ன பேரு தெரியுமா?" என்று இரண்டு முறை கேட்டேன். என் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. அதிர்ச்சி என்று நினைத்தேன். அடுத்த நாள் பட்டறையில் காரிலிருந்த சாமான்களை எடுத்துப் பட்டியல் போட்டேன். குடை ஒன்று, கல்லூரிப் பை ஒன்று, தண்ணீர்ப் புட்டி இரண்டு, துணிப்பை ஒன்று, அதில் புதிதாகத் தைத்த ரவிக்கைகள் மூன்று. மனைவியின் அக்கா மகளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பட்டியலில் எல்லாம் சரியாக இருந்தது. காப்பாரில் இருக்கும் தையல்காரியின் பை அந்தக் காருக்குள் எப்படி வந்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. அந்த ஞாயிறு நான் மட்டும் மோட்டார் ஓட்டி வந்தவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். அதற்கு இரண்டு நாள் முன்புதான் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகிவிட்டது. அதைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பேச முயன்றேன். நான் யார் என்று சொன்னதும் அவர் சிரித்தார்.

"வாங்கண்ணே. இனிமே எனக்கு சிலிப்பர் ஒன்னு தொலைஞ்சாலும் கவல இல்லலா."

"வாய வெச்சிக்கிட்டு சும்மா இருங்க" என்று அவர் மனைவி அதட்டினார். என்னை நடைபாதைக்கு அழைத்துக்கொண்டு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். தயாராகத்தான் போயிருந்தேன்.

"பொண்ணு சாப்புடுதாண்ணே?" என்றார்.

"கொஞ்சம் சாப்புடுதும்மா."

"அன்னிக்கு ரோட்டுல இவரு தலைய மடியில வெச்சிக்கிட்டு உக்காந்திருந்துச்சாம், ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும். இவரு சொன்னாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஃபோர்க்லிஃப்ட் மிதிச்சு ஓட்டுற வண்டிண்ணே. ஒத்தக் கால வெச்சிக்கிட்டு எப்படி ஓட்டுவாரு? கம்பெனியில வேற வேல குடுப்பாங்களான்னு தெரியல. இன்சூரன்ஸ் வரும்னு வார்டுல எல்லாரும் சொல்றாங்க. வருமாண்ணே?"

"கண்டிப்பா வரும்மா. ஒரு வருஷம்கூடத் தவறினதில்ல. நாள் முடியறதுக்கு முன்னாடியே இன்சூரன்ஸ் பணத்த கட்டிடுவேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வாக்கை எவ்வளவு எளிதாகக் கொடுத்தேன் என்பதை எண்ணினால் இன்றும் கூசுகிறது.

வியாழக்கிழமை மாலை விசாரணையாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார். தமிழர், என்னைவிடப் பத்து வயது இளையவர். காலணியைக் கழற்றி வாசலில் நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தது எனக்குப் பிடித்திருந்தது. கார் கோப்பை அவர் முன்னால் வைத்தேன். ஆண்டு வாரியாகக் காப்பீட்டுத் தாள், சாலை வரி, பட்டறைச் சீட்டுகள். புரட்டிவிட்டு, "இந்த மாதிரி ஃபைல் நான் பாத்ததே இல்ல சார்" என்றார். பிறகு போலீஸ் ரிப்போர்ட்டின் நகலை எடுத்துப் பேனாவால் ஒரு வரியைத் தொட்டார்.

"இதான் சார் பிரச்சன. அனுமதி இல்லாம எடுத்தேன்னு பொண்ணே சொல்லியிருக்கு. ஓனர் அனுமதியோட ஓட்டறவங்களுக்குத்தான் பாலிசி. அனுமதி இல்லன்னா கம்பெனி கை விரிச்சிடும்."

"அந்த மனுஷனுக்கு?"

"அவரு கோர்ட்டுக்குப் போகணும், வருஷக்கணக்கா இழுக்கும். கடைசியில பொண்ணு தலையிலதான் வந்து விழும். பதினெட்டு தாண்டிடுச்சில்ல, அப்பா அம்மா பாத்துக்குவாங்கன்னு சட்டம் சொல்லாது. படிக்கிற பொண்ணுகிட்ட அவருக்கு என்ன கெடைக்கும், சொல்லுங்க?"

மகள் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரியைச் சேர்க்கச் சொன்னது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு காப்பீட்டுத் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

"சரி, இத சொல்லுங்க. கார் யாரு பேர்ல இருக்கு?"

"மனைவி பேர்ல. டீச்சருங்களுக்கு கவர்மெண்ட் லோன் குறைஞ்ச வட்டியில கெடைக்கும்னு அவ பேர்ல எடுத்தோம். ஆனா கார் என்னோடதுதான். கட்டறது, ஓட்டறது, சர்வீஸ் பண்றது எல்லாம் நான்."

"அது வீட்டுக்குள்ள சார். தாள்ல ஓனர் டீச்சர், பாலிசியும் டீச்சர் பேர்ல. அவங்க குடுத்தாங்களா இல்லையான்னுதான் எனக்குத் தெரியணும்." சிரிக்காமல் சொன்னார், "உங்க பர்மிஷன யாருமே கேக்கல."

பதினோரு வருடமாக ஒவ்வொரு தாளிலும் அவள் பெயரைப் பார்த்துத்தான் கோப்பில் சேர்த்திருந்தேன். கடன் வாங்க வசதியாக எழுதிய பெயர் என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை.

அவர் மகளின் பக்கம் திரும்பினார். "அம்மா குடுத்தாங்களாம்மா?"

"இல்ல அங்கிள். நானேதான் எடுத்தேன். அம்மாவுக்குத் தெரியாது." மனப்பாடம் செய்ததுபோல் சொன்னாள்.

சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். ஈரக் கையைத் துடைக்கக்கூட இல்லை. "பொய் சொல்லாத. போதும்" என்று மகளிடம் சொன்னாள். பிறகு என்னைப் பார்க்காமல் விசாரணையாளரிடம் பேசினாள். "நான்தான் சார் அனுப்பினேன். பள்ளிக்கூடத்துல அன்னிக்கு மீட்டிங். தையல்காரம்மா ஆறு மணிக்குக் கடைய சாத்திடுவாங்க. மெசேஜ் போட்டேன்."

கைத்தொலைபேசியைத் திறந்து மேசையில் வைத்தாள். மாலை 4.07. 'சாவி அப்பா மேசை ரெண்டாவது டிராயர்ல. காப்பார் போய் பிளவுஸ் வாங்கிட்டு மழைக்கு முன்னாடி வந்துடு. அப்பா வர்றதுக்குள்ள.' அதன் கீழே மகள் அனுப்பியிருந்த பதில். 'ஓகேம்மா.'

"நான் என் போன்ல அழிச்சிட்டேன்" என்றாள் மகள். "நீங்களும் அழிச்சிட்டீங்கன்னு நெனச்சேன்மா."

"அழிக்க முடியல."

விசாரணையாளர் பேனாவை மூடினார். "டீச்சர், நான் உங்களுக்குச் சொல்லிக் குடுக்கக் கூடாது. உண்மை எதுவோ அத போலீஸ் பாலாய்ல போய் இன்னொரு ரிப்போர்ட்டா போடுங்க. இந்த மெசேஜயும் காட்டுங்க. பத்து நாள் கழிச்சு மாத்தினா கம்பெனி ஏன்னு கேக்கும், குடைஞ்சு குடைஞ்சு கேக்கும். உங்க வேலையா போன பொண்ணு, அதனால கேஸ்ல உங்க பேரும் வரும். ஆனா அனுமதின்னு ஒன்னு இருந்தா, அந்த மனுஷனுக்கு ஒரு வழி இருக்கு. முடிவு என் கையில இல்ல." தேநீரைப் பாதி குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் போன பிறகு மனைவியிடம் கேட்டேன், "என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க அந்த கார் ஃபைல்ல எழுதிடுவீங்க" என்றாள். "இருபது வருஷம் கழிச்சும் தேதியோட படிச்சுக் காட்டுவீங்க. கேட்ல கார உரசினேனே, அத எத்தன தடவ படிச்சீங்க? அதுக்கப்புறம் நான் கார தொட்டேனா?"

உரசியது நினைவிருந்தது. தேதியும் நினைவிருந்தது. அதன்பிறகு அவள் காரை ஓட்டவே இல்லை என்பது எனக்குத் தெரியும். காரணம் கேட்டதில்லை. பயம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

"அன்னிக்கு ஸ்டேஷன்லேர்ந்து வந்து இவள அந்தப் பேச்சு பேசினப்பவே சொல்லியிருக்கணும்" என்றாள். "வாய் வரல. இவ கண்ணாலேயே வேணாம்னா. ஒன்பது நாளா பெத்த பொண்ணு பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டிருந்திருக்கேன். நான் ஒரு டீச்சர்."

அழுதாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படி அழுது நான் பார்த்தது அவளுடைய அப்பா இறந்தபோது மட்டும்தான். மகள் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

"ரிப்போர்ட்ல அத எழுதச் சொன்னது என் தப்பு" என்றேன் கடைசியில்.

"இடிச்சது நான்தானேப்பா" என்றாள் அவள். "யாரு எழுதினாலும் யாரு அனுமதி குடுத்தாலும் அந்த அங்கிளுக்குக் கால் இல்ல." அதைச் சொல்லும்போது அவள் குரலில் என்மேல் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று மூவரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஏழு மணிக்கு மனைவி தலைமையாசிரியரை அழைத்து, காலையில் தாமதமாக வருவேன் என்று சொன்னாள். அவர் காரணம் கேட்டிருப்பார் போல. "என் கார் விபத்து விஷயமா போலீஸுக்குப் போகணும்" என்றாள். என் கார் என்று அவள் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, வேறு எதையும் செய்வதற்கு முன்னால், வாடகைக் கார் பிடித்து மூவரும் காவல் நிலையத்துக்குப் போனோம். மணி 7.15. முன்பு இருந்த போலீஸ்காரர் இல்லை, ஒரு பெண் இருந்தார். யார் ரிப்போர்ட் கொடுக்கப்போவது என்று கேட்டார். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து அடையாள அட்டையையும் கைத்தொலைபேசியையும் மேசைமேல் வைத்தாள். நான் பழைய ரிப்போர்ட்டின் எண்ணைச் சொல்ல ஆரம்பித்தேன். "நான் சொல்லிக்கிறேன்" என்றாள். நான் மகளோடு பின்னால் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மனைவி மலாயில், நிதானமாக, சாவி எங்கே இருக்கிறது என்று மகளுக்குச் சொன்னது தான்தான் என்று சொல்லத் தொடங்கினாள்.