பெயிண்டுக்குள் சகாதேவன்

உப்பளத்தில் பாத்தி மிதிக்கிற சகாதேவனை மரக்காணம் வட்டாரத்தில் ‘புலி’ என்றால்தான் தெரியும். ஆடித் திருவிழாவில் உடம்பெல்லாம் பெயிண்ட் அடித்துக்கொண்டு அவன் ஆடினால் கூட்டம் நகராது. அவனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இடுப்பில் வாலைக் கட்டிவிட்டால், பம்பை மேளம் நிற்கிற வரைக்கும் வாய் திறக்கக் கூடாது, உட்காரவும் கூடாது. உயிரே போனாலும் மீற மாட்டான். அப்படி ஒரு வீம்பு பிடித்த மனுஷன்.

புலியையும் காண்டாமிருகத்தையும் காப்பாற்ற நிதி திரட்டும் அமைப்பு ஒன்று, ஈ.சி.ஆர். ஓரத்து ரிசார்ட்டில் விழா வைத்து அவனைக் கூப்பிட்டது. காண்டாமிருக வேஷத்துக்கு ஆள் சிக்கவில்லை. அதை அட்டையில் வெட்டி உண்டியலுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். திருவிழாவில் அவன் ஆடுவது வெயில் தாழ்ந்த பிறகு. இங்கேயோ சித்திரை மாதத்து உச்சிவெயில். விருந்தினர்கள் பந்தலுக்குள், புலி மட்டும் வெயிலில்.

அவன் மனைவி முத்தம்மாள் ஓரமாக நின்று அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனோடு சேர்ந்து பாத்தி மிதிப்பவள். அவனுடைய இடது கால் பம்பைத் தாளத்துக்குப் பிந்தியது. பிறகு இழுத்தது. பெயிண்ட் அடைத்த உடம்பில் வேர்வை வெளியே வர வழி ஏது?

அமைப்பாளர் சித்தார்த்தனிடம் ஓடினாள். “நிறுத்தச் சொல்லுங்க சார். அவருக்கு முடியல.”

“ரெண்டே நிமிஷம்மா. பெரிய டோனர் கேட்டுக்கு வந்துட்டாரு.”

சகாதேவன் முழங்கால் மடிந்து விழப்போய், தள்ளாடி எழுந்தான். அதையும் ஆட்டம் என்று நினைத்துக் கைதட்டினார்கள் படித்த மகராசர்கள்.

முத்தம்மாள் நேரே போய், பம்பைக்காரன் ஜெயப்பிரகாஷின் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கினாள். சத்தம் நின்றதுதான் தாமதம், சகாதேவன் மண்ணில் சரிந்தான்.

“எரியுதுடி,” என்றான். “கண்ணு தெரியல.”

ஜெயப்பிரகாஷும் அவளும் அவனைப் பந்தலுக்குள் தூக்கிவந்து தலையில் தண்ணீரை ஊற்றினார்கள். அதற்குள் நன்கொடை தரவந்த அந்தப் பெரிய டோனர் வந்து சேர்ந்தார். “எங்க நம்ம டைகர்?” என்று செல்போனைப் பிடித்தபடி குனிந்தார்.

“படம் எடுக்காதீங்கய்யா. இது புலி இல்ல, எம் புருஷன். ஆஸ்பத்திரிக்குப் போவணும். உங்க வண்டிய எடுக்கச் சொல்லுங்க.”

அவர் அவனுடைய ஈரப் பெயிண்டைப் பார்த்தார். வாசலில் நின்ற காரின் வெள்ளை சீட்டைப் பார்த்தார். “ஆட்டோ ஏதாவது...” என்று இழுத்தார்.

முத்தம்மாள் காத்திருக்கவில்லை. காரின் கதவைத் திறந்து, ஜெயப்பிரகாஷோடு சேர்ந்து புருஷனைத் தூக்கி உள்ளே படுக்கவைத்தாள். அவன் தலையை மடியில் தாங்கிக்கொண்டு டிரைவரிடம், “எடுப்பா,” என்றாள்.

டிரைவர் முதலாளியின் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தார்.