பொன்மணி ஊட்டிய கொசுக்கள்

மட்டாஞ்சேரியில் என்னைக் கடிக்காத கொசு இன்னும் பிறக்கவில்லை. ஒரு மழைக்காலத்தில் ஆறேழு கொசுக்கள் ஒன்றுகூடி என்னைக் கட்டிலோடு தூக்கி, பஸார் ரோடு வரை கொண்டுபோய், கனம் தாங்காமல் ஒரு சுக்குக் கிடங்கின் வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போயின. கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான், ஒப்புக்கொள்கிறேன். கட்டில் என் வீட்டு வாசற்படியைத் தாண்டவில்லை.

என் மாடியில் குடியிருக்கும் பொன்மணியோ கொசுவுக்குத் தானாகவே கையை நீட்டுகிறவள். அதுவே அவள் உத்தியோகம்.

அவள் அப்பா சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து மிளகு மூட்டை சுமக்க இங்கே வந்தவர். பொன்மணி பிறந்தது மட்டாஞ்சேரியில், படித்தது மலையாளத்தில், சண்டை போடுவது மட்டும் தமிழில். காலையில் படகேறி எர்ணாகுளம் போவாள். அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மலேரியா பரப்பும் இனத்துக் கொசுவை வளர்க்கிறார்கள். தட்டுத் தண்ணீரில் நெளியும் புழுக்களுக்குத் தீனி போட வேண்டும், கூண்டுகளைக் கழுவ வேண்டும். அதன் பிறகு வலைக்கூண்டுக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பெண் கொசுவுக்கு ரத்தம் கிடைத்தால்தான் முட்டை. கிருமி அண்டாமல் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வளரும் கொசுக்கள் என்பதால் பயமில்லையாம். பாதிக் கூண்டுகளுக்குப் பொன்மணியின் கை. மீதிப் பாதிக்கு ராசப்பன் என்ற உதவியாளரின் கை.

"வலிக்காதோடி?" என்று கேட்டேன்.

"பழகிப்போச்சு மாமி. கைய வெளிய எடுத்தா அதுங்க வலையில வந்து ஒட்டிக்கிட்டு என்னையே பாக்கும். எம் மருமக அப்படி ஒரு நாள் பாத்தது கிடையாது."

அங்கே ஸாதனா என்றொரு ஆராய்ச்சி மாணவி, எர்ணாகுளம் தேவராப் பக்கத்துத் தமிழ்க்காரி. கொசு நோயை எப்படி எதிர்க்கிறது என்பது அவள் படிப்பு. ரத்தம் குடித்த கொசுவை மறுநாள் எடுத்து, முடியைவிட மெல்லிய ஊசியைக் கிருமியில் தோய்த்து லேசாகக் குத்துவாள். எது பிழைக்கிறது, எது சாகிறது என்று பார்ப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கப்பைக்கிழங்கு தின்றுகொண்டே அவள் அதையெல்லாம் சொன்னாள். கொசுவின் உடம்புக்குள்ளும் காவல் இருக்கிறதாம். கிருமியைக் கண்ட இடத்தில் விழுங்கும் அணுக்கள் உண்டு. கிருமியைச் சுற்றிக் கறுப்பாக உறைந்து அதை மூச்சுமுட்ட வைக்கும் பூச்சு உண்டு. இத்தனையும், நான் ஒரே அடியில் சுவரில் அப்பிவிடுகிற அந்தத் துளி உடம்புக்குள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. ராசப்பன் ஊட்டிய கொசுக்கள் ஊசிக் குத்தைத் தாங்கின. பொன்மணி ஊட்டியவை கொத்துக்கொத்தாகச் செத்தன.

"சேச்சி, உங்க கூண்டிலேர்ந்து வர்றது மட்டும் சாகறது. சோப்பு மிச்சம் நிக்கறதா? சரியா கழுகினேளா?" என்று கேட்டாள் ஸாதனா.

பொன்மணியிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. சோப்புக்கட்டியையே கழுவிவிட்டுத்தான் கையில் எடுப்பாள். கூண்டுகளை வெந்நீரில் போட்டாள், வெயிலில் காயவைத்தாள், மறுபடியும் கழுவினாள். அடுத்த தொகுதியும் செத்தது. இன்னொரு தொகுதியும் இப்படியானால் கூண்டு கழுவ வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான் என்று பெரிய விஞ்ஞானி சொல்லிவிட்டார்.

பொன்மணிக்கு ஒரு விஷயம் தெரியும், அவளைத் தவிர எனக்கும் தெரியும். அவளுக்குச் சர்க்கரை நோய். தினமும் படகுத்துறையில் ஓர் ஓரமாக நின்று இன்சுலின் போட்டுக்கொள்வாள். படகில் ஏறியதும் இட்லி தின்பாள். போய் இறங்கியதும் கூண்டுக்குள் கையை விடுவாள். மருந்து எடுக்கிறவர்கள் கொசுவுக்குக் கை கொடுக்கக்கூடாது என்பது அங்கே விதி. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. கொசுக்கள் சாகத் தொடங்கியதுகூட அவள் இன்சுலின் போடத் தொடங்கிய பிறகுதான்.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "வாயத் தொறந்தா மருந்துக்காரின்னு வெளிய போகணும். தொறக்காட்டி அழுக்குக்காரின்னு போகணும். எது மாமி மேல்?"

நான் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தேன். யோசனை கேட்டு வந்தவளுக்கு மோர் மட்டும் கொடுத்தது என் வாழ்க்கையில் இதுவே முதல் தடவை.

மறுநாள் பொன்மணி நிமிர்ந்து நடந்துபோய் ஸாதனாவின் மேசைமேல் தன் இன்சுலின் ஊசிப் பேனாவை வைத்தாள். "கூண்டுல அழுக்கு இல்ல மோளே. கோளாறு இருந்தா அது என் ரத்தத்துலதான்," என்றாள்.

ஸாதனா கோபிக்கவில்லை. எப்போதிலிருந்து ஊசி போடுகிறாள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாளாம். பிறகு யார் கையும் வேண்டாமென்று, ரத்த வங்கியிலிருந்து வாங்கிய ரத்தத்தை மெல்லிய சவ்வுக்குப் பின்னால் வைத்துக் கொசுக்களைக் குடிக்கவிட்டாள். ஒரு கூண்டுக்கு வெறும் ரத்தம்; இன்னொன்றுக்கு இன்சுலின் கலந்தது. இரண்டு கூண்டையும் கழுவியது பொன்மணி. மறுநாள் ஊசிக் குத்துக்குப் பிறகு இன்சுலின் குடித்தவைதான் அதிகம் செத்தன.

இன்சுலின் என்பது உடம்புக்குள் ஓடும் ஒரு சேதி. 'சாப்பாடு வந்தாச்சு, எடுத்து வை' என்று அணு அணுவாகச் சொல்லிக்கொண்டு போவது. கொசுவுக்கும் அதே சாயலில் சொந்தச் சேதிகள் உண்டு. நம் ரத்தத்தோடு நம் இன்சுலினும் உள்ளே போனால், கொசுவின் குடல் அதைத் தன் வீட்டுச் சேதி என்றே நம்பிவிடுகிறது. உணவு வந்துவிட்டது என்று கேட்டுக்கொண்டு, கிருமியைத் தடுக்கும் கையைச் சற்றே தளர்த்திவிடுகிறது. எல்லாச் சேதியும் இப்படிக் காவலைத் தளர்த்தாதாம். ரத்தம் குடித்ததும் கொசு தானே சுரக்கும் இன்னொன்று அதே காவலை முடுக்கியும் விடும் என்றாள் ஸாதனா.

இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு கிறுகிறுப்பு. நம் முன்னோரும் கொசுவின் முன்னோரும் பிரிந்து எத்தனை கோடி ஆண்டுகளோ. எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவில் இன்றைக்குப் பேசுகிற தமிழ் எனக்கே பாதிதான் விளங்குகிறது. ஆனால் பொன்மணியின் உடம்புக்கென்று அனுப்பிய சொல், ஆறு கால் உள்ள ஒன்றின் வயிற்றில் போய் இறங்கி அங்கேயும் அர்த்தமாகிறது. இப்போதெல்லாம் கொசு வந்து உட்கார்ந்தால் அடிக்குமுன் ஒரு கணம் என் கை நிற்கிறது. பிறகு அடிக்கிறேன்.

பொன்மணியின் கைக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கூண்டும் புழுத்தட்டும் அவள் பொறுப்பிலேயே இருக்கின்றன.

இதுவரை நான் எழுதியதை அவளுக்குப் படித்துக்காட்டினேன். உள்ளி உரித்துக்கொண்டே கேட்டாள்.

"எல்லாம் சரி மாமி. பேனாவ மேசையில வச்சேன்னு எழுதினீங்கல்ல, அத வெட்டுங்க."

"ஏண்டி, நன்னாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு, நடக்கல. வேலைய விடுறேன்னு சொல்லத்தான் போனேன். மனசு சரியில்லாம ஊசியப் போட்டுட்டு இட்லியத் திங்கவே இல்ல. கூண்டுகிட்ட போனதும் சர்க்கர எறங்கி, வேத்து ஊத்தி, தரையில உக்காந்துட்டேன். என்ன ஏதுன்னு ஸாதனா என் பையக் கொட்டிப் பாத்தா, பேனா உருண்டுச்சு. உடனே கொசுவுக்குக் கலக்கி வச்ச சர்க்கரத் தண்ணிய எடுத்து எங்கிட்ட நீட்டினா. அதக் குடிச்சு முடிச்சப்புறந்தான் ஊசி போட்டுக்கறத அவகிட்டச் சொன்னேன்."