பாட்டுக்கு ஓடும் பஸ்

முல்லைத்தீவிலிருந்து துணுக்காய் போகும் மினிபஸ்ஸின் சாரதி, கழுத்தில் எப்போதும் ஈரத்துவாய் போட்டிருப்பார். லண்டன் மச்சான் அனுப்பிய பாட்டு அல்பம் ஒன்றைத்தான் நாள் முழுக்கப் போடுவார். கறுப்பின அமெரிக்கரின் 'சோல்' இசைப் பாணியில் பாடும் பழைய இங்கிலாந்துக் குழு. பாட்டின் வேகம்தான் பஸ்ஸின் வேகம்.

"மேளம் அடிக்கிற பாட்டுத்தான் திறம்," என்றார் மீன்கூடையோடு இருந்த அக்கா. மீன் பழுதாகுமுன் அவர் சந்தைக்குப் போகவேண்டும்.

"அழுது பாடுறதுதான் நல்லது," என்றார் முழங்கால் வருத்தக்காரர் ஒருவர். ரோட்டெல்லாம் குழி.

சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "சேர், நீங்கள் சொல்லுங்கோ."

ரசிகன் என்று காட்டும் ஆசையில், "அந்த அழுகைப் பாட்டு மனசைப் பிடிச்சு உலுக்குது," என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்கள் ஒராள்தான் பாட்டைக் கேட்டிருக்கிறியள்."

துணுக்காய் வரைக்கும் அதையே திரும்பத் திரும்பப் போட்டார். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். மீன்கார அக்கா இன்றைக்கும் என்னோடு கதைப்பதில்லை.