மொட்டை மாடியில் ஒரு குடம் தண்ணீர்

எனக்கு அந்த டைல்ஸ் பாயைக் கண்டாலே வயிறு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது? நான் சிவில் இன்ஜினீயர். கட்டடத் தகராறுகளைக் கோர்ட்டுக்குப் போகாமல் பேசித் தீர்ப்பதற்கென்றே தனியாகப் படித்து, அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறேன். அவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். ஆனால் வீட்டுக்காரருக்கும் மேஸ்திரிக்கும் முட்டிக்கொண்டால், சூலூரிலிருந்து அவிநாசி வரைக்கும் அவரைத்தான் தேடுகிறார்கள். "பாயைக் கூப்புடுங்க, முடிச்சுக் குடுத்துருவாரு" என்கிறார்கள். என் சான்றிதழைப் பல்லிதான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஊரார் கூப்பிட்டால் தொலையட்டும். என் மச்சானே, என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணனே, அவரைக் கூப்பிட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மச்சான் அன்னூருக்குப் பக்கத்தில் வீடு கட்டினார். மொட்டை மாடித் தளத்துக்குத் தட்டோடு, அதாவது சதுர ஓடு, பதித்து முடித்ததும் ஒரு மழை பெய்தது. தண்ணீர் ஈசானி மூலைக்குப் போகாமல் நேர் எதிர்மூலைக்கு ஓடி, தண்ணீர்த் தொட்டிக்கடியில் குட்டையாக நின்றுவிட்டது. எங்கள் பக்கம் மழைத்தண்ணீர் வடகிழக்கில், ஈசானியில்தான் இறங்க வேண்டும். மச்சான் தாம்தூம் என்று குதித்தார். மேஸ்திரி தன் செலவில் அத்தனையையும் பெயர்த்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் கேஸ் போடுவேன் என்றார். கேஸ் என்று வந்துவிட்டால் அந்த மேஸ்திரியை நம்பி அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் கடைக்கால் தோண்ட மாட்டார்கள். அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது.

இதில் ஒரு விஷயம் எனக்கும் மேஸ்திரிக்கும் மட்டுமே தெரியும். தட்டோடு பதிப்பதற்கு முந்தின நாள் நான் அந்த மாடியில் ஏறினேன். "பைப்பு அந்தப் பக்கந்தானே எறக்கியிருக்கு? தண்ணி ஓடற வாட்டத்தையும் அங்கயே குடுத்துருங்க" என்று பெரிய மனுஷன் தோரணையில் சொன்னேன். "ஏனுங்க, ஈசானி..." என்று மேஸ்திரி இழுத்தார். "சொன்னதைச் செய்யுங்க" என்று இறங்கி வந்துவிட்டேன். அது மழைத்தண்ணீர் பைப்பே அல்ல, தொட்டி நிரம்பினால் வழிவதற்கு விட்ட பைப். படித்த படிப்புக்கு அதுகூடத் தெரியவில்லை.

வீட்டு மாப்பிள்ளைமேல், அதுவும் மச்சானின் முகத்துக்கு நேராக, குற்றம் சொல்ல அந்த மேஸ்திரிக்கு வாய் வரவில்லை. மாப்பிள்ளைக்கு எங்கள் பக்கம் அப்படி ஒரு மரியாதை. நானும் அந்த மரியாதைக்குள் புகுந்துகொண்டு கமுக்கமாக இருந்தேன்.

"மச்சான், நானே பேசி முடிச்சுத் தாரேன்" என்று கேட்டும் பார்த்தேன்.

"நீங்க ஊட்டு மாப்பள. உங்களை இதுலயெல்லாம் இழுக்கப்படாதுங்க. பாய் வாராரு."

பாய் காலையில் மொபட்டில் வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. நேராக மாடிக்குப் போய், ஒரு குடம் தண்ணீரை மச்சானும் மேஸ்திரியும் சேர்ந்து பிடித்து ஊற்ற வேண்டும் என்றார். அதுவரை ஒருவரையொருவர் பார்க்கவே மறுத்தவர்கள் ஒரே குடத்தைப் பிடித்துக்கொண்டதும் சத்தம் அடங்கிப்போனது. சே, இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தண்ணீர் ஓடியதைக் குத்தவைத்துப் பார்த்த பாய், "யாரு சொல்லி இந்தப் பக்கம் வாட்டம் குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"என்ற தப்புதானுங்க" என்று மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

"தப்பா வந்த வாட்டமுன்னா அங்கங்க தேங்குமுங்க. இது நூல் புடிச்ச மாதர ஓடுது. யாரோ சொல்லித்தான் செஞ்சிருக்கீங்க."

பாயின் கண் அந்தப் பைப்புக்குப் போயிற்று. அடுத்து என்னிடம்தான் வரும். இதையும் இந்த மனிதர் கண்டுபிடித்தால் இன்னும் பத்து வருஷத்துக்கு ஊர் இதையே பேசும். "நான்தான் சொன்னேன்!" என்று கத்திவிட்டேன். மனசாட்சி உறுத்தியதென்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெயரும் அவருக்குப் போய்விடக் கூடாது என்ற பொறாமையில் சொன்னது.

மச்சான் என்னை விட்டுவிட்டு மேஸ்திரியின் பக்கம் திரும்பினார். "பாய் கால் வெச்சாலே உண்மை தன்னால வெளிய வந்துருது பாருங்க!" என்றார். அடப்பாவி மனுஷா, சொன்னவன் நான்!

அரை மணியில் பேசி முடித்துவிட்டார் பாய். தட்டோடு மச்சான் வாங்கித் தருவது, மேஸ்திரி பதித்துத் தருவது, வேலை முடியும்வரை நான் தினமும் கூடவே நிற்பது. கேஸ் பேச்சு அதோடு போயிற்று.

மேஸ்திரி தோள் துண்டை எடுத்துவிட்டு பாயைக் கும்பிட்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"என்னை எதுக்குங்க? சாரைக் கும்புடுங்க. அவரு வாயத் தொறக்கலீன்னா நானென்ன பண்றது?" என்றார் பாய்.

மேஸ்திரி என் பக்கம் திரும்பிக் கையெடுத்தார். "நீங்க சொல்லீருவீங்கன்னு தெரியுமுங்க" என்றார். நான் எதற்காகச் சொன்னேன் என்று பாவம், அவருக்குத் தெரியாது. எனக்குக் கிடைத்த அந்த ஒரு கும்பிடும் பாய் பார்த்துக் கொடுத்ததுதான்.