சின்னச் சகலையின் ஜெபம்

பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்த அவரை மாமனார் வீட்டில் எல்லோரும் ஜெபக்கார மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். மூத்த மகளைக் கட்டியவர். பிறந்தநாளோ, ஞானஸ்நானமோ, புதுவீடோ, இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் எது நடந்தாலும் முடிவு ஜெபம் அவருடையதுதான். ஹாலில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு எல்லோரும் எழுந்து நின்றதும், மாமனார் அவர் பக்கம் திரும்பித் தலையை லேசாக அசைப்பார். அவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார். வந்தவர், வராதவர், வெளியூரில் படிப்பவர், ஆஸ்பத்திரியில் கிடப்பவர் என்று ஒருவர் விடாமல் பேர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைத்த பிறகுதான் ஆமென் வரும். பஸ்களை நிமிடக் கணக்கில் வெளியே அனுப்புகிறவர், ஜெபத்துக்கு மட்டும் கடிகாரம் பார்க்க மாட்டார். சாப்பாடு ஆறிப்போகும். பிள்ளைகள் கால் மாற்றி மாற்றி நிற்பார்கள்.

பிறகு இளைய மகளுக்குக் கல்யாணமாகி, சின்னச் சகலை வந்தான். ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் செய்கிறவன். கூச்ச சுபாவம். அவன் குழந்தையின் முதல் பிறந்தநாளன்று மாமனார், தகப்பனே ஜெபிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அவன் கண்ணை மூடி, பக்கத்தில் நிற்கிற ஒருவரிடம் பேசுவதுபோல நாலே வாக்கியம் பேசினான். பிரசவத்தில் மனைவி பட்ட பாட்டைச் சொல்லும்போது குரல் கம்மியது. இரண்டு நிமிடத்தில் ஆமென். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டைம் கீப்பரின் சொந்தப் பிள்ளைகளே ஓடிப்போய், சித்தப்பா ஜெபம் சூப்பர் என்றார்கள்.

அவர் கேக்கை அப்படியே வைத்துவிட்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மனைவியிடம் குறை சொல்லிக்கொண்டே வந்தார். மாமாவின் ஆபரேஷனைச் சொன்னானா? இறந்துபோனவர்களை ஒரு வார்த்தை நினைத்தானா? ஆண்டவரிடம் பேசுகிற மரியாதையா அது, யாரோ கூட்டாளியிடம் பேசுவதுபோல?

மனைவி பாதி வழிவரை கேட்டுவிட்டு, “உங்களுக்குப் பொறாமைங்க” என்றாள். அவர் நடையை எட்டிப் போட்டார்.

அடுத்து வந்த மூன்று விசேஷத்திலும் மாமனாரின் தலை சின்னவன் பக்கமே அசைந்தது. டைம் கீப்பர் டிப்போவில் தன் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவே குட்டி ஜெபம் பழகிப் பார்த்தார். ஐந்து நிமிடத்துக்குக் கீழே வரவே வரவில்லை. குறைக்க வேண்டுமென்றால் யாருடைய பேரையாவது விட வேண்டும். யாரை விடுவது?

மாமனார் மாமியாருக்கு ஐம்பதாவது திருமண நாள் வந்தது. இதற்காவது தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று நம்பியிருந்தார். அதற்கு முந்தின வாரம் சின்னவன் டூல்ஸ் பையும் தானுமாக டிப்போவுக்கே வந்து நின்றான்.

“அண்ணா, மாமா என்னை ஜெபிக்கச் சொல்லிட்டார். அண்ணன் இருக்கும்போது நான் எதுக்குன்னு சொல்லிப் பார்த்தேன், கேக்கல. எல்லார் பேரும் வரணுமாம். எனக்குப் பாதிப் பேரைத் தெரியாது. நீங்கதான் எழுதித் தரணும்.”

அவனுக்குத் தானே எழுதித் தருவதா என்றிருந்தது. ஆனாலும் காகிதத்தை எடுத்து அழகான கையெழுத்தில் முப்பத்தொரு பேர் எழுதிக் கொடுத்தார். எழுத வேண்டியது முப்பத்திரண்டு. மாமனாரின் அக்காவை வேண்டுமென்றே விட்டார். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டுப் பின்னறையிலேயே காலத்தை ஓட்டிவிட்ட மனுஷி. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அத்தைதான். தன் பேர் எப்போது வரும் என்று ஒவ்வொரு ஜெபத்திலும் அவர் காத்திருப்பது டைம் கீப்பருக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பேர் விட்டுப்போனால் வீடே பேசும். பழைய ஜெபக்காரரின் அருமை அப்போது தெரியும்.

ஞாயிறு மதியம் ஹால் நிறைய ஆட்கள். சின்னவன் காகிதத்தை மனப்பாடம் செய்துவிட்டு வந்திருந்தான். பேர்கள் ஒவ்வொன்றாக வந்தன. டைம் கீப்பர் கண்ணைத் திறந்து பார்த்தார். கதவோரம் அத்தை கைகளைக் கோத்து, கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். ஒரு பேர் முடியும்போதெல்லாம் முகம் கொஞ்சம் நிமிரும், பிறகு தாழும். ஆமென் சொல்லி மற்றவர்கள் கண்ணைத் திறந்த பிறகும் அத்தை திறக்கவில்லை. இன்னும் இருக்கிறது என்று நினைத்தார் போலிருக்கிறது. பிறகு பின்னறைக்குப் போய்விட்டார்.

மாமியார் சும்மா இருக்கவில்லை. எல்லோர் முன்னாலும், அத்தை பேரை எப்படி விட்டீர்கள் என்று சின்னவனைக் கேட்டார். அவன் முகம் சுண்டிப்போயிற்று. காகிதம் சட்டைப்பையில்தான் இருந்தது, அதன் மூலை வெளியே தெரிந்தது. அவன் அதைத் தொடவில்லை.

“என் தப்புதான். மறந்துட்டேன்” என்றான். உடனே பின்னறைக்குப் போய் மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தான்.

நினைத்தது நினைத்தபடியே நடந்துவிட்டது. ஆனால் டைம் கீப்பருக்கு எரிச்சல் கூடத்தான் செய்தது. காட்டிக்கொடுக்காமல் பழியை ஏற்றுக்கொள்கிற பெருமையையும் அவனே தட்டிக்கொண்டு போகிறானே! அவர் தட்டில் போட்டது அப்படியே இருந்தது. அத்தை சாப்பிட வரவேயில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து பின்னறைக்குப் போனார்.

அத்தை கட்டிலில் உட்கார்ந்து கைக்குட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். டைம் கீப்பர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எழுதிக் கொடுத்தது தான் என்பதையும், வேண்டுமென்றே விட்டதையும், ஏன் விட்டார் என்பதையும்.

அத்தை மடிப்பதை நிறுத்தவில்லை. “அந்தப் பையன் மறந்துட்டான்னு நினைச்சுத்தான் மனசு விட்டுப்போச்சு மாப்பிள்ளை. நீங்க மறக்கல. என்னை நினைச்சுத்தான் விட்டிருக்கீங்க. அது பரவாயில்ல” என்றார். அடுத்த கைக்குட்டையை எடுத்தபடி, “இருந்தாலும் அசிங்கமான வேலை” என்றார்.

அவர் தலையாட்டினார்.

“இப்ப சொல்லிடுங்க என் பேரை.”

டைம் கீப்பர் கண்ணை மூடினார். வழக்கமான வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. அத்தையின் பேரை மட்டும் சொன்னார், அதோடு நின்றுவிட்டார். அத்தையே ஆமென் சொல்லி முடித்துவைத்து, பசிக்கிறது என்று எழுந்தார்.

டைம் கீப்பர் ஹாலுக்கு வந்து மாமனார் மாமியார் முன்னால் சின்னவனிடம் உண்மையைச் சொன்னார். மாமியார் வாயைத் திறக்கும் முன் சின்னவன், “விடுங்கண்ணா, நானும் ஒரு தடவை சரிபார்த்திருக்கணும்” என்றான். அதைக் கேட்டதும் மறுபடியும் ஒரு பொறி பற்றிக்கொண்டது. என்ன செய்ய, நல்லவனாக இருப்பதிலும் அவனை முந்த முடியவில்லை.

அந்தப் பொறாமை அவரை விட்டு முழுதாகப் போனது என்று சொல்வதற்கில்லை. ஆறு மாதம் கழித்து மச்சினன் மகனுக்கு நிச்சயதார்த்தம். மாமனார் சின்னவனைத்தான் பார்த்தார். டைம் கீப்பருக்கு நெஞ்சுக்கடியில் பழைய இடத்தில் சுருக்கென்றது. பெண் வீட்டாரில் ஒரு பெரியவரின் பேர் வராமல் அவன் தடுமாறினபோது, பக்கத்தில் நின்ற இவர் மெல்ல எடுத்துக் கொடுத்தார். அவன் பிடித்துக்கொண்டு தொடர்ந்தான்.

திரும்பும்போது, ஜெபம் எப்படி என்று மனைவி சிரிக்காமல் கேட்டாள்.

“நல்லாத்தான் இருந்தது” என்றார். பத்தடி நடந்த பிறகு, “கொஞ்சம் அவசரம்” என்றார்.