இரண்டு பேருக்கும் ஒரு தாள்

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு மருந்தைத் தனித்தனியாக வாங்கிய வழக்கமே கிடையாது. நான் இருமினால் சித்தப்பா மகளுக்கும் ஒரு மூடி மருந்து உண்டு. அவளுக்கு வயிற்றில் பூச்சி என்றால் நானும் வாயைத் திறக்க வேண்டும். என்னைவிட நாற்பது நாள் இளையவள், அவ்வளவுதான். உத்தமபாளையத்துக்குப் பக்கத்து ஊரில், அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே அடுப்பில் பொங்கித் தின்ற வீடு அது. "ரெண்டு உருப்படிக்கும் சேத்து ஊத்து" என்பார் அப்பா. அந்த உருப்படிகள் நாங்கள்தான்.

எழுபதுகளில் ஒரு கோடை. எங்களுக்கு ஏழு வயது. இருவருக்கும் ஒன்றாக மணல்வாரி அம்மை போட்டது. வேப்பிலைக்கு நடுவே ஒரே பாயில் கிடந்தோம். காய்ச்சல் ஏறிய அன்று முதலில் எனக்குக் கையும் காலும் வெட்டி இழுத்தது. கொஞ்ச நேரத்தில் அவளுக்கும். எனக்கு அந்த ஒரு தடவையோடு சரி. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, நேர்ந்துகொண்டபடி எனக்கு மொட்டையும் போட்டாயிற்று. அவளுக்கு மட்டும் காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு முறை இழுப்பு வந்தது.

சின்னமனூரில் பார்த்த டாக்டர் இருவருக்கும் வெள்ளை மாத்திரை கொடுத்தார். அம்மைக் காய்ச்சல் மூளையைத் தொட்டிருக்கலாம், மதுரையில் தலைக்குள் ஓடும் மின்சாரத்தைத் தாளில் எழுதிக் காட்டும் மெஷின் இருக்கிறது, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப்போய் எடுத்துவிடுங்கள் என்றார்.

மாத்திரை தொடங்கியதும் அவளுக்கு இழுப்பு நின்றது. ஆனால் சாப்பிடும்போது சோற்றுக் கை வாய்க்கு வரும் வழியிலேயே நின்றுவிடும். கண் எங்கேயோ போய் நிலைக்கும். உதடு மட்டும் சப்புக் கொட்டும். அதுவும் இழுப்பில் ஒரு வகைதான் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? "மகாராணி சினிமா பாக்குறாக, யாரும் மறைக்காதீக" என்பேன் நான். வீடே சிரிக்கும். சற்றுக் கழித்து, எதற்கென்று தெரியாமல் அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

மதுரைக்குப் போகும் பேச்சு வந்தபோது சித்தி கதவுக்குப் பின்னால் நின்று அம்மாவிடம் பேசினாள். கணவனின் அண்ணனோடு அவள் நேருக்கு நேர் பேசுவதில்லை.

"அக்கா, மாமாகிட்டச் சொல்லுங்க. பொம்பளப்பிள்ள பேரு பெரிய ஆஸ்பத்திரி நோட்டுல ஏற வேணாம். நாளைக்குப் பொண்ணு கேட்டு வாரவுக காதுல விழுந்தா எவன் கட்டுவான்?"

அப்பாவுக்கு அது நியாயமாகவே பட்டது. "ஒரே அம்மை, ஒரே காய்ச்சலு, ஒரே ரத்தம். இதுக்கு எதுக்கு ரெண்டு தாளு? மொட்டப்பயல மட்டும் கூட்டிட்டுப் போறேன், போதும்."

அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசிச் சித்தப்பாவை நான் பார்த்ததில்லை. எனக்கு மதுரையைப் பார்க்கப்போகும் குஷி. அவள் வாசல்வரை வந்து, எனக்கும் ஏதாவது வாங்கிட்டு வாண்ணே என்றாள்.

அங்கே என் மொட்டைத் தலையில் களிம்பைத் தடவி வயர்களை ஒட்டினார்கள். கண்ணை மூடிப் படுக்கச் சொன்னார்கள். பக்கத்தில் பேனாமுட்கள் கரகரவென்று ஓடிக்கொண்டே இருந்தன. தாளைப் புரட்டிய டாக்டர் நிதானமான மனிதர்.

"அலையெல்லாம் நல்லா இருக்கு. இவனுக்குக் காய்ச்சல் வேகத்துல வந்ததுதான். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்திரலாம்." பிறகு, "வீட்டுல வேற பிள்ளைக யாருக்கும் இப்படி வந்துச்சா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் விரல்களை இறுக்கியது.

"இல்லங்கய்யா" என்றார் அப்பா.

வெளியே வந்ததும் எனக்கு அல்வா கிடைத்தது. "வீட்டு விசயத்த வெளிய விடாம இருந்த பாரு, நீதான் ஆம்பள. டாக்டரு கேட்டத வீட்டுல யாருட்டயும் சொல்லக் கூடாது, என்ன?" தேனி வரும்வரை, அல்வாவைவிட அந்த ஆம்பளப் பட்டம்தான் எனக்கு அதிகம் இனித்தது.

வீட்டு முற்றத்தில் அப்பா தாளை விரித்தார். மடிப்பு மடிப்பாக நீண்டுகொண்டே போனது. தெருவே வந்து பார்த்தது. "ஏலே, இம்புட்டையும் உன் மண்டைக்குள்ளயா வச்சிருந்த?" என்று பக்கத்து வீட்டுக்காரர் என் மொட்டையில் தட்டினார். அவளும் குந்தி உட்கார்ந்து பார்த்தாள்.

"இதுல நான் எங்கன இருக்கேன்?"

"மேல நாலு கோடு என்னுது. கீழ நாலு உன்னுது" என்று தாராளமாகப் பிரித்துக் கொடுத்தேன்.

தன் பங்குக் கோடுகளின் மேல் விரலை வைத்து, தாள் முடியும்வரை நகர்ந்துகொண்டே போனாள். "என்னுது நல்லா இருக்காண்ணே?"

"நல்லா இருக்குன்னுதான் டாக்டரு சொன்னாக."

அன்றைக்கே அப்பா இருவருக்கும் மாத்திரையை நிறுத்தினார். கொஞ்சம் கொஞ்சமாக என்று டாக்டர் சொன்னது, தாள் நன்றாக வந்த சந்தோஷத்தில் அவர் காதில் தங்கவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலாம் நாள் காலையில் அவளுக்கு இழுத்தது. அது அடங்கி, கண் திறப்பதற்குள் அடுத்தது. பிறகு ஒன்றன் மேல் ஒன்றாக. வாழைத்தார் ஏற்றிவந்த லாரியை மறித்து, சித்தப்பா அவளை மடியில் போட்டுக்கொண்டு தேனிக்குப் போனார். வழியில் வீரபாண்டி வரைக்கும்கூட அவள் உயிர் தாங்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தவர்கள் எல்லாம் கலைந்தபின், கொல்லையில் அண்டா விளக்கிக்கொண்டிருந்த சித்தி என்னைக் கூப்பிட்டாள். கையில் சாம்பலோடு என் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"மதுரைல அந்த டாக்டரு, வீட்டுல வேற பிள்ளைக்கும் இருக்கான்னு கேட்டாகளாய்யா?"

"இல்ல சித்தி. ஒண்ணும் கேக்கல."

"நெசமாவா? யோசிச்சுச் சொல்லு."

"நெசமாத்தான்."

சித்தி நிமிர்ந்தாள். பிறகு, "சரி, போ" என்று அண்டாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று நான் தெருவுக்கு ஓடினேன்.

அதன்பிறகும் அந்த அடுப்பு பிரியவில்லை. அப்பாவின் தட்டில் சித்திதான் சோறு போட்டாள். யார் துக்கம் கேட்டாலும், "நாந்தான் போக விடல" என்பதைத் தவிர வேறு சொல் அவள் வாயில் வந்ததில்லை. கேட்டாக என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால், அந்தப் பழியில் பாதியையாவது அவள் என் அப்பாவின் தலையில் இறக்கி வைத்திருப்பாள். அதற்காகத்தான் அன்று என்னைக் கூப்பிட்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.